1942 நடைப்பயணமா, 1964 கப்பலா? எங்கள் குடும்பக் கதையைப் பிரித்தறிய உதவி வேண்டும்

முடோன் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் (இன்றைய மியான்மரில்) மோல்மேனுக்குத் தெற்கே, முடோன் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். விடுமுறை நாள்களில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மூத்த பிள்ளைகள் தம் குடும்பம் இந்த மண்ணுக்கு வந்ததையும், போர்க்காலத்தில் இதை விட்டு ஓடியதையும், பிறகு திரும்பி வந்ததையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும் என்று அண்மையில் ஒரு வேலை கொடுத்தேன். அவர்களுக்கு முன்மாதிரியாக எங்கள் வீட்டுக் கதையை நானே முதலில் எழுதலாம் என்று உட்கார்ந்தால், அது ஒரே கதையாக நிற்க மறுக்கிறது. இரண்டு மூன்று கதைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதாகத் தோன்றுகிறது.

என் அப்பத்தா உயிரோடு இருந்தவரை சொல்லிவந்தவை இவை. மோல்மேனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அவர் கைக்குழந்தையோடு, தம் அக்காள் குடும்பத்தாருடன் ஊரை விட்டுக் கிளம்பினார். ஆறுகளைத் தாண்டி, ரயிலேறி, அதன்பின் மலைப்பாதை ஒன்றில் நெடுந்தொலைவு நடந்தார்கள். அந்தப் பாதையில் தண்ணீர் இல்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். என் தந்தைக்கு மூத்தவளான அந்தக் குழந்தை வாந்திபேதி கண்டு வழியிலேயே இறந்துபோயிற்று. பிறகு கடலைக் கண்டார்கள், படகேறினார்கள். இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அதே மூச்சில், மணிப்பூர் எல்லையில் பர்மியச் சிப்பாய்கள் மறித்துத் திருப்பியதையும், தகரப் பெட்டி நிறைய இருந்த நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமற்போனதையும், ரங்கூன் துறைமுகத்தில் பெண்களின் காதிலும் மூக்கிலும் கிடந்ததைக்கூடக் கழற்றச் சொன்னதையும் அவர் சொல்வார். அவருடைய அக்காள் குடும்பம் பின்னாளில் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வியாசர்பாடியில் இருப்பதாகக் கேள்வி. அப்பத்தாவும் தாத்தாவும் நெல்வயலோடு இங்கேயே தங்கிவிட்டார்கள். என் தந்தையின் அடையாள அட்டை பச்சை நிறத்தது.

அப்பத்தா நடந்தது எந்த வழி? கடலையும் மணிப்பூரையும் ஒரே பயணத்தில் கண்டிருக்க முடியுமா? நோட்டுக் கதையை எந்தக் காலத்தில் வைப்பது? ஒரே வீட்டில் பிறந்த அக்காளும் தங்கையும் ஒரே நாட்டில் இருந்து, ஒருவர் போக ஒருவர் தங்கியது ஏன்? தெரிந்த பெரியவர்கள் விளக்கினால் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

பெகு ஓய்வாசிரியர்:

அம்மா, வணக்கம். உங்கள் அப்பத்தாவின் நினைவைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். அவர் சொன்ன ஒவ்வொரு விவரமும் ஓர் ஆண்டுக்கோ ஒரு பருவத்துக்கோ உரியது. அவற்றை உரிய இடத்தில் வைத்தால் கதை தானே பிரிந்துவிடும்.

மோல்மேனிலிருந்து தொடங்குவோம். ரங்கூன்மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23 அன்று. மோல்மேன் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 ஜனவரி 31 அன்று. சித்தாங் ஆற்றின்மீதிருந்த ரயில் பாலத்தைப் பின்வாங்கிய பிரித்தானியப் படையே பிப்ரவரி 23 அன்று வெடி வைத்துத் தகர்த்தது. ஆகவே, சால்வீனைப் படகில் தாண்டி மார்த்தபானில் ரயிலேறிய குடும்பம் அந்தப் பாலம் தகர்வதற்கு முன்பே ரங்கூன் பக்கம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து ரயிலில் புரோம் வரை சென்று, ஐராவதியைக் கடந்து, எதிர்க்கரையில் பதாவுங் என்ற ஊரிலிருந்து அரக்கான் மலைத்தொடரை ஏறினால், நூறு மைலுக்கு மேல் நடந்து கடலோரத்துத் தாங்குப்புக்கு இறங்கலாம். அங்கிருந்து படகில் அக்கியாப், அக்கியாபிலிருந்து சிட்டகாங். அப்பத்தா கடலையும் படகையும் சொல்கிறார், தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்கிறார், வாந்திபேதியைச் சொல்கிறார். மூன்றும் தாங்குப் பாதையைத்தான் காட்டுகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த மலையில் ஓடைகள் வற்றிக் கிடக்கும். இருந்த சில ஊற்றுகளையும் ஆயிரக்கணக்கானோர் மொய்த்ததால் காலரா பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வழியே போனார்கள்.

மற்ற வழிகளில் போனவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள். மாண்டலேயிலிருந்து மொன்யுவா, கலேவா, சிந்துவின் ஆறு, கபோ பள்ளத்தாக்கு, தமு, பலேல், இம்பால் என்று போய்த் திமாப்பூரில் ரயிலேறியவர்கள் மலேரியாவைப் பற்றிச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக, மிச்சினாவும் மே மாதத் தொடக்கத்தில் விழுந்தபின், ஹூக்கவுங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமின் லேடோவுக்கு நடந்தவர்கள் மழையையும் இடுப்பளவு சேற்றையும் அட்டைகளையும் சொல்வார்கள். அவர்களில் பலர் சிங்புயாங்கில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு, விமானங்கள் போட்ட அரிசியால் உயிர் தப்பினார்கள். ஒரு பெரியவர் சேற்றைச் சொல்கிறாரா, தாகத்தைச் சொல்கிறாரா என்று கேட்டாலே பாதை ஏறக்குறையத் தெரிந்துவிடும். உங்கள் மாணவர்களுக்கும் இந்தக் கேள்வியைக் கொடுங்கள்.

யார் நடந்தார்கள் என்பதையும் எழுத வையுங்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். குண்டு விழுந்த பிறகு, கையில் பணமும் அலுவலகத்தில் செல்வாக்கும் உள்ளவர்கள் நீராவிக் கப்பலில் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ போய்விட்டார்கள். அவ்வாறு கடல்வழியே தப்பியோர் ஏறத்தாழ 70,000 பேர்தாம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை செய்த கூலிகள் டிசம்பரிலேயே கால்நடையாகப் புரோம் சாலையில் கிளம்பியபோது, அரசு அவர்களைத் தடுத்துத் திரும்பி வரச் சொன்னது. அவர்கள்மேல் கொண்ட அக்கறையால் அப்படிச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். போர்க் கப்பல்களில் மூட்டை இறக்க ஆள் வேண்டியிருந்தது. அவ்வாறு வாரக்கணக்கில் வீணாக்கப்பட்ட காலம், ரங்கூன் மார்ச் 8 அன்று வீழ்ந்தபின், எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதற்குக் கணக்கே இல்லை. மொத்தம் வெளியேறியோர் 4 முதல் 5 லட்சம் என்பார்கள். இறந்தோரைச் சிலர் 10,000 என்கிறார்கள், சிலர் 50,000 என்கிறார்கள், அதற்கும் மேலாகச் சொல்வோரும் உண்டு. உங்கள் அத்தை போன்ற குழந்தைகளை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை. வெள்ளையருக்கு வசதியான வழி, இந்தியருக்கு மற்றொரு வழி என்று பிரித்து நடத்தியதைக் காங்கிரஸ் அந்நாளிலேயே கண்டித்தது; வைசிராயின் நிர்வாக சபையில் கடல்கடந்த இந்தியர் துறையைக் கவனித்த எம். எஸ். ஆனே நேரில் அஸ்ஸாமுக்குப் போய்ப் பார்த்தார்.

நோட்டுக் கதைக்கு வருகிறேன். இந்த நாட்டில் பணம் செல்லாமற்போனது ஒருமுறையன்று. ஜப்பானியர் அச்சிட்ட ரூபாய் நோட்டுகள் 1945-இல் பிரித்தானியர் திரும்பியதும் வெறுங்காகிதமாயின. இராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தார்கள். 1985-லும் 1987-லும் மறுபடியும் அதையே செய்தார்கள். 1987-இல் மாற்று நோட்டுகூடத் தரவில்லை. அப்பத்தா 1942-இல் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றால் ஜப்பான் நோட்டு அவர் கையில் சேர்ந்திருக்க வழியில்லை. ஒன்று, அது 1964. அல்லது தாத்தா வயலைக் காத்துக்கொண்டு இங்கேயே இருந்து, அவர் பெட்டியில் சேர்த்த நோட்டு. வீட்டில் யாரேனும் ஒரு நோட்டையாவது நினைவாக வைத்திருந்தால் பாருங்கள்: ரூபாய் என்றிருந்து, பி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறி இருந்தால் அது ஜப்பானியர் காலத்தது. கியாட் புழக்கத்துக்கு வந்ததே 1952-இல்தான்.

1964 வெளியேற்றத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அது கடை போய், வேலை போய், கப்பலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்து போன பயணம். வழிநெடுகப் பிணம் கிடந்த 1942-ஐயும் அதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வியாசர்பாடிப் பேரன்:

ஆசிரியர் ஐயா பாதைகளை விளக்கியது அருமை; அதற்கு நன்றி. கடைசிப் பத்தியை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. சாவைக் கொண்டு மட்டும் அளந்தால் ஐயா சொல்வது சரி. ஆனால் 1942-இல் ஓடியவர்களுக்குப் போர் முடிந்தால் திரும்பலாம் என்ற எண்ணம் இருந்தது. பலர் திரும்பியும் வந்தார்கள். 1964-இல் கப்பலேறியவர்களுக்குத் திரும்பும் வாசல் அடைபட்டுவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பர்மாவில் பிறந்து, பர்மிய மொழியைத் தமிழைவிட நன்றாகப் பேசி, இந்தியாவையே பார்த்திராதவர்கள்.

எங்கள் தாத்தாவுக்கு ரங்கூனில் ஜவுளிக்கடை. 1963 பிப்ரவரியில் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டபோதே பெரியவர்கள் அஞ்சினார்களாம். 1964 மார்ச் 19 அன்று ரங்கூன் கடைகளையும், ஏப்ரலில் மற்ற ஊர்க் கடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். கதவில் பலகை தொங்கியது. உள்ளே இருந்த துணிக்கும் கல்லாப்பெட்டிக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பத்தாம் நாள் சமையலுக்கு அரிசி வாங்கவே மற்றவரை எதிர்பார்க்கும் நிலை வந்ததாகப் பாட்டி சொல்வார். மே மாதத்தில் நோட்டும் போயிற்று. இவ்வளவுக்கும் பிறகுதான் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். எனவே, சகோதரி, தகரப் பெட்டிக் கதையும் துறைமுக நகைக் கதையும் 1964-க்குப் பிந்தியவை என்பதே என் எண்ணம். உங்கள் அப்பத்தா தம் அக்காளை வழியனுப்ப ரங்கூன் வந்திருந்தால் அதை அவரே கண்ணால் பார்த்திருக்கவும் கூடும். சேமிப்பையும் நகையையும் கொண்டுபோகத் தடை இருந்தது. பாட்டியின் தாலிக்கொடியில் நூலும் மஞ்சளும் மட்டுமே மிஞ்சின.

அடுத்த சில ஆண்டுகளில் பர்மாவை விட்டுப் போன இந்தியர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். தமிழ்நாட்டுக்கு மட்டும் 1963-க்குப் பின் சுமார் 1,44,000 பேர் வந்ததாக அரசுக் கணக்கு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை முகாமில் வைத்து, சிறு வணிகக் கடனும் மனையும் கொடுத்துப் பல ஊர்களில் குடியேற்றினார்கள். திருச்சி, மதுரை, காரைக்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பர்மா காலனி இருப்பது அதனால்தான். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கடை போட்டவர்களுக்காக 1969-இல் பர்மா பஜார் உருவானது. அதே ஆண்டில், தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி தொடங்கியது. இன்றும் அங்கே உறுப்பினராக வேண்டுமானால் குடும்பம் பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஆகவே எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய காகிதங்களை யாரும் எறிவதில்லை. உங்கள் பெரிய அப்பத்தா வீட்டில் கப்பல் வந்த தேதியோடு குடும்ப அட்டை நிச்சயம் இருக்கும். அவர்களைத் தேட நான் உதவுகிறேன். பெயரை இங்கே பொதுவில் எழுதாமல் தனிமடலில் அனுப்புங்கள்.

அக்காள் போனதும் தங்கை தங்கியதும் ஏன் என்று கேட்டீர்கள். அக்காள் கணவர் என்ன தொழில் செய்தார் என்று விசாரியுங்கள். எனக்குத் தெரிந்தவரை கடைக்காரர்களும் அலுவலக எழுத்தர்களும் போனார்கள், வயலில் இறங்கியவர்கள் தங்கினார்கள். கடையைப் பூட்டினால் கடைக்காரனுக்கு அந்த ஊரில் வேறு பிழைப்பில்லை. உழுகிறவனுக்கு அடுத்த மழை வரும்.

மோரே வணிகன்:

மணிப்பூர்க் கதைக்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். 1942-இல் தமு வழியாக வந்தவர்களை எல்லையில் பர்மியச் சிப்பாய் மறித்திருக்க முடியாது. அன்று அங்கே பர்மியக் காவலும் இல்லை, மக்கள் போன திசையும் மேற்கு. மறித்துத் திருப்பியது 1960-களின் பிற்பகுதியில். கப்பலில் சென்னைக்குப் போனவர்களில் பலருக்கு அங்கே கிடைத்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. கூடாரத்தில் இருந்து, கடன் தொகை கரைந்து, பேச்சு வழக்கைக் கேட்டு ஊரார் சிரித்து, மனம் வெறுத்த சிலர் ரயிலில் அஸ்ஸாம் வந்து, இம்பால் வழியாக மலையேறி, பர்மாவிலுள்ள பழைய ஊருக்கே நடந்து போய்விடலாம் என்று கிளம்பினார்கள். தமுவில் பர்மிய இராணுவம் அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. சென்னைக்கு மீண்டும் போகவும் மனமில்லாமல், பர்மாவுக்குள் நுழையவும் முடியாமல், எல்லைக்கு இப்பால் மோரேயில் குடிசை போட்டார்கள். எங்கள் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் அப்படி நின்றுவிட்டவர்கள் கட்டியவை.

ஆக, உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் கப்பலில் போய், எல்லை வழியாகத் திரும்ப முயன்றிருக்கிறார். அப்பத்தாவின் தம்பியோ, கொழுந்தனாரோ இருக்கலாம். அவர் மோரேயிலேயே தங்கினாரா, பிறகு மறைவாக உள்ளே வந்தாரா என்று பாருங்கள். இரண்டு வகையும் உண்டு. 2023 மே மாதக் கலவரத்தில் இங்கே தமிழர் வீடுகளும் எரிந்தன. பெரியவர்கள் பெட்டியில் வைத்திருந்த காகிதங்கள் சில அதில் போய்விட்டன. இருக்கிறவர்களிடம் விரைவில் கேளுங்கள்.

முடோன் தமிழாசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை என் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பத்தாவின் தம்பி ஒருவர் ரங்கூனில் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்து, அக்காள் குடும்பத்தோடு கப்பலேறிப் போய், சில ஆண்டுகள் கழித்து மெலிந்த உடம்போடு திடீரென்று வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பெரியப்பா தம் இளமையில் பார்த்திருக்கிறார். எந்த வழியாக வந்தார் என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று தாத்தா சொல்லிவைத்திருந்தாராம். மணிப்பூர்க் கதை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். தம்பி பட்டதைத் தாம் பட்டதாகவே அப்பத்தா சொல்லிவந்திருக்கிறார். அந்தத் தம்பி வாய் திறக்க முடியாத காலத்தில் அந்தக் கதையை வெளியே எடுக்க அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

பெரிய அப்பத்தாவின் கணவருக்குக் கடைதான், மளிகைக் கடை. தாத்தா 1942-இல் ஊரை விட்டே போகவில்லை என்பதும் உறுதியாயிற்று. இப்போது எனக்கு எஞ்சியிருப்பது, அப்பத்தா எப்போது திரும்பினார் என்ற கேள்வி. சுதந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டதாகப் பெரியப்பா சொல்கிறார். இதைத் துல்லியமாக அறிவது அடையாள அட்டை விஷயத்தில் ஏதேனும் பொருள்படுமா?

ரங்கூன் வாசகர்:

பொருள்படும், ஆனால் நிதானமாகப் படியுங்கள்.

1947 அரசமைப்பின் 11ஆம் பிரிவு, பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் பிறந்த ஒருவர் பர்மாவில் பத்தாண்டுகளில் எட்டாண்டுகளாவது வசித்திருந்தால் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. அந்தப் பத்தாண்டுகளைப் பர்மா விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4-க்கு முன்னதாகவோ, 1942 ஜனவரி 1-க்கு முன்னதாகவோ எண்ணிக்கொள்ளலாம். இரண்டாவது தேதியை ஏன் வைத்தார்கள் என்பதை மேலே ஓய்வாசிரியர் எழுதியதைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குண்டுக்கு அஞ்சி இந்தியாவில் கழித்த ஆண்டுகள் ஒருவருடைய கணக்கைக் கெடுக்கக் கூடாது என்று அன்று எண்ணியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு அது நேர்மையான பிரிவு. ஆனால் இன்னொரு கையால் 1947 ஜூனிலேயே குடிநுழைவு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வர முடியாதபடி செய்துவிட்டார்கள். அப்பத்தா அதற்கு முன் வந்திருந்தால் எளிதாக வந்திருப்பார். பின் வந்திருந்தால் ஒரு சீட்டு இருந்திருக்கும்.

தேர்ந்துகொள்ளும் உரிமை தானாக வந்துவிடவில்லை. மனுச் செய்ய வேண்டியிருந்தது. நம்மவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத வயற்காட்டுக் குடும்பங்கள் மனுவைப் பற்றிக் கேள்விப்படவே இல்லை. கேள்விப்பட்டவர்களில் பலர், இந்தியக் கடவுச்சீட்டை விடுவதா வேண்டாமா என்று ஊசலாடிக் காலக்கெடுவைத் தவறவிட்டார்கள். அதன் விளைவுதான் 1982 குடியுரிமைச் சட்டத்தில் தெரிகிறது. 1823-க்கு முன்பே இங்கே இருந்த இனங்களாக அரசு ஏற்றவர்களுக்கு முழுக் குடியுரிமை. 1948 குடியுரிமைச் சட்டத்தின்படி மனுச் செய்து காத்திருந்தவர்களுக்கு இணைக் குடியுரிமை, நீல அட்டை. மனுச் செய்யாமல் இருந்து, 1948 ஜனவரி 4-க்கு முன்பே இங்கே வசித்ததை மெய்ப்பிக்க முடிந்தவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் பச்சை அட்டை. உங்கள் தந்தையின் அட்டை பச்சை என்றால், யாரோ ஒருவர் எப்போதோ அந்தத் தேதிக்கு முந்திய குடியிருப்புக்குச் சான்று காட்டியிருக்கிறார். ஊரை விட்டே போகாத உங்கள் தாத்தாவின் வரிச்சீட்டாகவோ குத்தகைப் பத்திரமாகவோ அது இருக்கக்கூடும். விண்ணப்ப நகல் வீட்டில் உள்ளதா என்று தேடுங்கள். தாத்தா, அப்பத்தா பெயர்களும் ஊரும் ஆண்டும் அதில் எழுதியிருக்கும், குடும்ப வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஏடு கிடைக்காது. தேடிக் கிடைத்த புதிய தேதிகளோடு நீங்களாக எந்த அலுவலகத்துக்கும் போய் நிற்காதீர்கள். இருக்கிற அட்டைக்கும் புதிய தாளுக்கும் ஒரு எழுத்து மாறினாலும் கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும். நம்பகமான வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

மற்றொன்று. உங்கள் மாணவர்களின் கட்டுரைகள் 1964-ஓடு நிற்கட்டும். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களும் 18 முதல் 27 வரையுள்ள பெண்களும் அதற்குள் வந்தபின், உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் காக்கரெய்க், மியாவடி வழியாகத் தாய்லாந்து எல்லையைத் தாண்டி மேசோட் போயிருக்கிறார்கள். யார் அண்ணன் எங்கே இருக்கிறான் என்பது பள்ளி ஏட்டில் இருக்கக் கூடாது. உங்கள் தாத்தா மைத்துனரைப் பற்றி வீட்டில் வாய் திறக்க விடாததை இப்போது நீங்கள் நன்றாகவே புரிந்துகொள்வீர்கள்.

பெகு ஓய்வாசிரியர்:

ரங்கூன் வாசகரின் எச்சரிக்கையை நான் முழுவதும் ஏற்கிறேன். வியாசர்பாடித் தம்பிக்கும் ஒரு சொல். திரும்பும் வாசல் அடைபட்டது என்று நீங்கள் எழுதியதும், மோரே நண்பர் சொன்னதும் சேர்ந்து, 1964-ஐப் பற்றி நான் பேசாத பகுதியை நிறைவு செய்துவிட்டன. இருந்தாலும் தாங்குப் பாதையில் போனவர்களுக்கு ஒரு பட்டியல்கூட இல்லை என்பதில் நான் விடாப்பிடியாகத்தான் இருக்கிறேன். கப்பலில் போனவர்களுக்காவது குடும்ப அட்டை இருக்கிறது.

அம்மா, ஆவணம் தேடுவதானால் இரண்டு இடம். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் பழைய கோப்புகள் பலவற்றை அபிலேக் படல் என்ற இணையதளத்தில் ஏற்றியிருக்கிறது. 1941 முதல் 1944 வரை இருந்த கடல்கடந்த இந்தியர் துறையின் பெயரால் தேடினால் பர்மா அகதிகள் பற்றிய கோப்புகள் கிடைக்கும். இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள் உள்ளன. இரண்டிலும் அதிகாரிகளின் கடிதங்களே மிகுதி. உங்கள் அப்பத்தாவின் பெயரை எதிர்பார்த்துத் தேடாதீர்கள். அவர் எந்த மாதத்தில் நடந்திருப்பார், அப்போது வழியில் முகாம் இருந்ததா, காலரா எந்த வாரத்தில் மிகுந்தது என்பவற்றை அறிய அவை உதவும்.

திரும்பி வந்த ஆண்டை அறிய இன்னொரு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் பெரியப்பா எங்கே பிறந்தார்? சிவகங்கைச் சீமையிலோ வேறெங்கோ என்றால் அவர் பிறப்புக்குப் பிறகுதான் அப்பத்தா கப்பலேறியிருக்க வேண்டும். முடோனில் என்றால் அதற்கு முன்.

முடோன் தமிழாசிரியை:

பெரியப்பா முடோனில் பிறந்தவர். 1947 தைப்பூசத்துக்குப் பின் பிறந்ததாகக் கோயில் ஏட்டில் இருக்கிறது. அப்படியானால் அப்பத்தா 1946-இலேயே வந்துவிட்டார், அனுமதிச் சீட்டு இல்லாததற்கும் காரணம் தெரிந்துவிட்டது. விண்ணப்ப நகலைத் தேடச் சொல்லியிருக்கிறேன். வியாசர்பாடி அண்ணனுக்குத் தனிமடல் அனுப்பிவிட்டேன்.

பிள்ளைகளின் கட்டுரைகளை 1964-ஓடு நிறுத்துவதென்று முடிவு செய்துவிட்டேன். புரோம், தாங்குப் வழியாகப் போய் அக்கியாபில் படகேறிய குடும்பத்தினர் வேறு யாரேனும் இதைப் படித்தால், அங்கிருந்து சிட்டகாங் போன பகுதியைப் பற்றி வீட்டில் கேட்டதை எழுதுங்கள். அப்பத்தா அந்தப் பகுதியைச் சொன்னதே இல்லை.